தட்டுச் சத்தத்துக்கு முதலில் ஓடி வந்தவள்

தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில், கொழுந்தெடுக்கும் தாய்மாரின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயம்மா வேலையிலிருந்து மெட்டில்டா நின்று இரண்டு வருடம் ஆகிறது. பலாங்கொடையிலிருந்து ஏறி வரும் பஸ் கடைசியாகத் திரும்புகிற தோட்டம் அது. மடுவத்துக்குக் கீழே, தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டிநிற்கும் லயத்தில்தான் இப்போதும் இருக்கிறாள். மடுவத்துக்கு இன்றைக்கு வேறு பெயர் வைத்திருக்கிறார்கள். வாசலில் மூன்று மொழியிலும் பலகை, சுவரில் யானையும் முயலும். சேலையில் கட்டிய தொட்டில்கள் போய்ப் பாய்களும் சின்ன மெத்தைகளும் வந்துவிட்டன. பிள்ளைகளின் இரைச்சல் மட்டும் மாறவில்லை. காலையில் அரிசி புடைத்துக்கொண்டிருக்கும்போது அந்த இரைச்சல் இறங்கி வந்தால் சுளகை மடியில் வைத்துக்கொண்டு கேட்பாள். எது நேற்று சேர்ந்த பிள்ளை, எதற்கு இன்னும் பேச்சு வரவில்லை, எது மற்றவனின் பிஸ்கட்டைப் பிடுங்கியது என்று குரலை வைத்தே சொல்லிவிடுவாள்.

இருபத்தாறு வருடம் வேறு வேலையே பார்த்ததில்லை. காலை ஏழு மணிக்குக் கொழுந்தெடுக்கப் போகும் பெண்கள் பிள்ளைகளை மடுவத்து வாசலில் இறக்கிவிட்டு மலைக்கு ஏறுவார்கள். கைக்குழந்தைக்காரிகள் பத்து மணிக்குப் பால் கொடுக்க ஓடிவருவார்கள். மத்தியானம் கொழுந்து நிறை போட்டபிறகு எல்லோரும் வருவார்கள். மறுபடி நாலரைக்கு. இடையில் கிடக்கிற நேரம் முழுவதும் மெட்டில்டாவுடையது.

பெரியவர்களிடம் அவளுக்குப் பேச வராது. கணக்கப்பிள்ளை வந்து இன்றைக்கு எத்தனை பிள்ளை என்று கேட்டால்கூட விரலைத்தான் காட்டுவாள். ஆனால் பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டால் வாய் ஓயாது. "வாங்க தொரை, நேத்து ராத்திரி அப்பா மூக்கைக் கடிச்சீங்களாமே, கேள்விப்பட்டேன்" என்பாள். பிள்ளை சிரிக்கும். சிரித்த பிள்ளை ஒருநாள் பதில் சொல்லும். அந்த ஒருநாளுக்காகத்தான் அவளுக்கு அந்த வேலை பிடித்திருந்தது என்று சொல்லலாம்.

பேச்சு எப்படி வரும் என்பதை அவள் எங்கும் படித்ததில்லை. பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டது. முதலில் பிள்ளை முகத்தைப் பார்க்கும். பிறகு வேண்டியதை விரலால் காட்டும். பிறகு 'ம்மா', 'ப்பா', 'தா' என்று ஏதாவது ஒன்று விழும். ஒரு வயதைத் தாண்டி இரண்டு மூன்று மாதத்தில் அனேகமாக எல்லாப் பிள்ளைகளும் ஒரு சொல்லாவது சொல்லிவிடும். சிலது ஒன்றரை வயதுவரை இழுக்கும். மெட்டில்டாவின் சொந்த மகன் அருண் இரண்டரை வயதுவரைக்கும் இழுத்தான். லயத்தில் அவனை ஊமையன் என்றே முடிவு கட்டியிருந்தார்கள். இப்போது கொழும்பில் கைப்பேசிக் கடையில் நிற்கிறான். போன் எடுத்தால் அவன்தான் பேசுவான், வைக்கிறேன் என்று சொல்லக்கூட இவளுக்கு இடம் விடமாட்டான்.

அதனால், பிள்ளை இன்னும் பேசவில்லையே என்று எந்தத் தாய் வந்து நின்றாலும் மெட்டில்டா சொல்வது ஒன்றுதான். "எங்க அருணப் பாக்கலியா? வந்துரும். பயப்படாத." பேசாதவள் பேசினால் அந்தப் பேச்சுக்கு மதிப்பு அதிகம். தாய்மார் அதை டொக்டர் சொன்னது போல எடுத்துக்கொண்டு போவார்கள். அத்தனை வருடத்தில் அவள் சொன்னது பொய்த்ததில்லை, தனுஜா வரும்வரைக்கும்.

தனுஜா, கோகிலாவின் மகள். பன்னிரண்டு வருடத்துக்கு முந்திய கதை இது. கோகிலாவுக்கு அப்போது இருபத்து மூன்று வயது. புருஷன் ஸ்ரீதரன் எம்பிலிப்பிட்டியவில் ஒரு சிங்கள முதலாளியின் டயர் கடையில் வேலை செய்தான், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வருவான். வந்தால் மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு லயத்து முற்றத்தில் சுற்றுவான். கடைப் பழக்கத்தில் அவன் வாயில் சிங்களம்தான் முதலில் வரும். "மகே துவ", என் மகளே, என்று கூப்பிட்டுத்தான் அவளைக் கொஞ்சுவான்.

பிள்ளை பார்க்க நன்றாக இருந்தது. ஒன்பது மாதத்தில் மடுவத்துக்கு வந்தது. பதினோராம் மாதம் நடந்தது. ஆளைக் கண்டால் சிரிக்கும். வேண்டியதை விரல் நீட்டிக் கேட்கும். மெட்டில்டா பேசும்போது அவள் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தன் பக்கம் திருப்பி, வாயையே பார்த்துக்கொண்டிருக்கும். இவ்வளவு பாசமா என்று மெட்டில்டாவுக்கு உள்ளே குளிரும். பேச்சு மட்டும் வரவில்லை. ஒன்றரை வயதில் கோகிலா முதல்தடவை கேட்டாள்.

"அக்கா, நம்ம புள்ள ஒண்ணும் சொல்ல மாட்டேங்குதே."

"வந்துரும் புள்ள. கண்ணப் பாரு, எவ்வளவு வெவரமா இருக்கு. எங்க அருணப் பாக்கலியா?"

கோகிலா தலையாட்டிவிட்டுப் போனாள். ஆனாலும் கேட்டவர்கள் சொன்னதையெல்லாம் செய்தாள். வசம்பைச் சுட்டு நாக்கில் தடவினாள். மாரியம்மன் கோயிலில் மணி வாங்கிக் கட்டினாள். புஷ்பம் அவளுடைய லயத்தில் அடுத்த காம்பரா வீட்டுக்காரி, சும்மா இருக்க மாட்டாள். "அவன் சிங்களத்துல கொஞ்சுறான், நீ தமிழ்ல கொஞ்சுற. புள்ள எதப் பேசுறதுன்னு முழிச்சிக்கிட்டு நிக்கிது. ஒண்ண விடச் சொல்லு" என்றாள். அந்தத் தடவை ஸ்ரீதரன் வந்தபோது கோகிலா பெரிய சண்டை போட்டாள்.

"இனிமே எம்புள்ளகிட்ட ஒரு வார்த்த சிங்களம் பேசக்கூடாது."

"என்னா கோகி, நம்ம தோட்டத்துல எந்தப் புள்ள ரெண்டும் பேசல? நானே ரெண்டும் பேசித்தானே வளந்தேன்."

"நீங்க பேசுற லட்சணம்தான் தெரியுதே. ஒங்க வாயால புள்ளைக்கி வாய் வரல."

ஸ்ரீதரன் அதற்குப் பிறகு மகளைத் தூக்கும்போதெல்லாம் வாயை இறுக்கி மூடிக்கொண்டான். மடுவத்து வாசலில் பிள்ளையை வாங்க வரும்போது அவன் முகத்தைப் பார்த்திருக்கிறாள் மெட்டில்டா. கொஞ்சுவதற்கு வேறு சொல் கிடைக்காமல் சும்மா உம் உம் என்று முகர்வான்.

மாதத்துக்கு ஒருமுறை மடுவத்தில் நிறை பார்க்க மிட்வைஃப் மிஸ் வருவாள். சிங்களப் பெண், தமிழை வளைத்து வளைத்துப் பேசுவாள், ஆனால் நல்ல மனுஷி. தனுஜாவுக்கு இரண்டு வயது நிறைகிற மாதம், பிள்ளையின் கிளினிக் கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"கோகிலா, ரெண்டு வயசு ஆச்சி. இப்ப ரெண்டு சொல்லு சேத்துப் பேசணும். பால் தா, அம்மா வா, அப்பிடி. இவ பேசுறதா?"

"இல்ல மிஸ்."

"ஒரு சொல்லும் இல்ல?"

கோகிலா தலை குனிந்தாள். மிஸ் பேனாவை நிறுத்தினாள்.

"காது நல்லா கேக்குதா? பின்னாலருந்து கூப்பிட்டா திரும்புறதா?"

"அது மிஸ்..." என்று கோகிலா இழுத்தாள்.

அப்போதுதான் மெட்டில்டா வாயைத் திறந்தாள். பெரியவர்கள் பேச்சில் குறுக்கே போகாதவள், அன்றைக்கென்று குறுக்கே போனாள். கோகிலாவின் குனிந்த தலையைப் பார்க்க முடியவில்லை.

"காதெல்லாம் நல்லா கேக்குது மிஸ். பத்து மணிக்கு நான் தட்டத் தட்டினா மொத ஆளா ஓடி வாறது இவதான்."

அது உண்மைதான். பத்து மணிக்குத் திரிபோஷ சத்துமா உருண்டை கொடுப்பதற்கு மெட்டில்டா குசினி வாசலில் நின்று அலுமினியத் தட்டில் கரண்டியால் தட்டுவாள். எங்கெங்கோ கிடக்கிற பதினெட்டு இருபது பிள்ளைகளும் விழுந்தடித்து ஓடி வரும். அதில் முன்னால் நிற்பது தனுஜா. மிஸ் சிரித்தாள். "அப்ப சரி. அடுத்த மாசம் பாப்போம்" என்று கொப்பியில் ஒரு சரி போட்டாள். கோகிலாவின் முகம் தெளிந்தது. போகும்போது மெட்டில்டாவின் கையைப் பிடித்துவிட்டுப் போனாள்.

அந்த அடுத்த மாதத்துக்குள்தான் லயத்தில் அம்மை வந்தது.

முதலில் தங்கம்மாவின் பேரனுக்கு. பிறகு ஒரே வாரத்தில் மூன்று லயத்துக்கும் பரவிவிட்டது. காம்பராவுக்குக் காம்பரா வாசலில் வேப்பிலை செருகினார்கள். அம்மை கண்ட வீட்டுப் பிள்ளையை வெளியே விடமாட்டார்கள், காணாத வீட்டுக்காரர்களும் பயத்தில் விடமாட்டார்கள். மடுவம் காலியாகிவிட்டது. தனுஜாவுக்கு முந்திய வருடமே அம்மை போட்டுவிட்டது, அதனால் கோகிலா மட்டும் பிள்ளையைக் கொண்டுவந்து விட்டாள்.

"ஒங்க ரெண்டு பேருக்கும் இன்னைக்கி ராஜ்யம்தான்" என்று சொல்லிவிட்டுக் கூடையை மாட்டிக்கொண்டு போனாள்.

மடுவத்தில் அவ்வளவு அமைதியை மெட்டில்டா அதற்கு முன் கேட்டதில்லை. தனுஜா வாசற்படியில் முதுகைக் காட்டி உட்கார்ந்து சோடா மூடிகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தது. பத்து மணி ஆனது. ஒரே ஒரு பிள்ளைக்கு எதற்குத் தட்டுத் தட்டுவது? கை பழக்கத்தில் எடுத்துத் தட்டிவிட்டது.

பிள்ளை திரும்பவில்லை.

விளையாட்டு மும்முரம் என்று நினைத்தாள். மறுபடி தட்டினாள். இரண்டடி கிட்டப் போய்த் தட்டினாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். தனுஜா ஒரு சிவப்பு மூடியை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தது. மெட்டில்டாவின் கையிலிருந்து தட்டு சீமெந்துத் தரையில் விழுந்தது. அடுப்படியில் படுத்திருந்த பூனை அலறிக்கொண்டு ஓடி வாசற்படியைத் தாண்டிக் குதித்தது. அந்தப் பூனையைக் கண்ட பிறகுதான் தனுஜா திரும்பிப் பார்த்துக் கைகொட்டிச் சிரித்தது.

மெட்டில்டா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

உட்கார்ந்த இடத்தில் ஒவ்வொன்றாக நினைவு வந்தது. தட்டுச் சத்தத்துக்குப் பிள்ளை ஓடி வரவில்லை, ஓடுகிற பிள்ளைகளைப் பார்த்துத்தான் ஓடி வந்திருக்கிறது. மடுவத்தில் எல்லாமே கூட்டமாகத்தான் நடக்கும். ஒன்று எழுந்தால் இருபதும் எழும், ஒன்று அழுதால் இருபதும் அழும். அந்தக் கூட்டத்துக்குள் ஒரு பிள்ளைக்குக் கேட்கவில்லை என்பது எப்படித் தெரியும்? எல்லோருக்கும் முந்தி ஓடுகிற பிள்ளை என்றால், எல்லோரையும்விட உற்றுப் பார்க்கிற பிள்ளை என்று அவளுக்குத் தோன்றவேயில்லை. இடி இடிக்கும்போது மற்றதெல்லாம் அவள் மடிக்கு வரும், தனுஜா பாயில் தூங்கும். நல்ல தூக்கக்காரி என்று சொல்லிச் சிரித்திருக்கிறாள். கன்னத்தைப் பிடித்துத் திருப்பியது பாசத்தால் மட்டுமில்லை. வாய் அசைவதைப் பார்த்திருக்கிறது அந்தப் பிள்ளை.

மறுநாளும் பார்த்தாள், அதற்கடுத்த நாளும் பார்த்தாள். பின்னால் நின்று கைதட்டினாள். கதவை அடித்துச் சாத்தினாள். காற்று முகத்தில் பட்டால் திரும்பும், நிழல் விழுந்தால் திரும்பும். சத்தத்துக்குத் திரும்பவில்லை. மூன்றாம் நாள் சாயந்திரம் கோகிலா பிள்ளையை வாங்க வந்தபோது சொல்லிவிட வேண்டும் என்று காத்துநின்றாள். கோகிலா, "என்னாக்கா, ஒங்க மவராணி சாப்பிட்டாளா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். மெட்டில்டா தலையை ஆட்டினாள். பிள்ளையை மட்டும் தூக்கிக் கொடுத்தாள்.

அன்றிரவு சோற்றை மூடி வைத்துவிட்டு யோசித்தாள். அவள் சொன்னதற்காகத்தான் மிஸ் கொப்பியில் சரி போட்டாள். அவள் வாயைத் திறக்காவிட்டால் அடுத்த மாதமும் சரிதான், அதற்கடுத்த மாதமும் சரிதான். திறந்தால் கோகிலா இனி முகத்தில் விழிக்க மாட்டாள். மடுவத்து ஆயம்மாவுக்குத் தெரியவில்லை என்று தோட்டம் முழுக்கப் பேசும். அதையெல்லாம்விட, பிள்ளைக்கு ஏற்கனவே இரண்டு வருடம் சத்தமில்லாமல் போயிருக்கிறது. தான் வெட்கப்பட்டுக்கொண்டிருக்கிற ஒவ்வொரு நாளும் அதில் சேர்கிறது.

ஞாயிற்றுக்கிழமை தண்ணீர்ப் பீலியில் கோகிலா துணி துவைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் புஷ்பம். புஷ்பம் போகட்டும் என்று மெட்டில்டா ஒரே சட்டையை மூன்று தடவை அலசினாள்.

"என்னா ஆயம்மா, சட்டைய தேய்ச்சே ஓட்டையாக்கிருவீங்க போல" என்றாள் புஷ்பம். "யாருக்கு, வரப்போற மருமகளுக்குக் காட்டவா?"

கோகிலா சிரித்தாள். மெட்டில்டா சட்டையைப் பிழிந்து வாளிக்குள் போட்டாள்.

"கோகிலா, கொஞ்சம் ஒன் வீட்டுக்கு வாறேன். ஒண்ணு பேசணும்."

புஷ்பத்தின் கை நின்றுவிட்டது. மெட்டில்டா வலியவந்து பேசணும் என்று சொல்லி அந்தத் தோட்டத்தில் யாரும் கேட்டதில்லை.

காம்பராவில் ஸ்ரீதரனும் இருந்தான், அது அவன் வருகிற வாரம். தனுஜா கட்டிலில் ஏறி ஜன்னல் வழியாகக் கோழிகளைப் பார்த்துக்கொண்டிருந்தது. மெட்டில்டா எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் நின்றாள். பிறகு அடுப்படியிலிருந்து ஒரு தட்டையும் அகப்பையையும் எடுத்துக் கோகிலாவின் கையில் கொடுத்தாள்.

"புள்ளைக்குத் தெரியாம பின்னால நின்னு தட்டு."

"எதுக்குக்கா?"

"தட்டு புள்ள."

கோகிலா தட்டினாள். பக்கத்துக் காம்பராவிலிருந்து யாரோ, "என்னாடி, கல்யாணமா?" என்று கத்தினார்கள். தனுஜா கோழியைப் பார்த்துக்கொண்டே இருந்தது. கோகிலா இன்னும் ஓங்கித் தட்டினாள். இன்னும் ஓங்கி. ஸ்ரீதரன் எழுந்து வந்து அவள் கையைப் பிடித்து நிறுத்தினான்.

பிறகு கோகிலா மெட்டில்டாவைப் பார்த்தாள்.

"நீங்கதானேக்கா சொன்னீங்க."

"நான்தான் சொன்னேன்."

"மிஸ் கேட்டப்போ நான் தெரியல மிஸ்னு சொல்லத்தான் வாயெடுத்தேன். எனக்குள்ள ஒரு பயம் இருந்திச்சி. நீங்க சொன்னதும், அக்கா இருபது புள்ளைய பாக்குறவங்க, அவங்களுக்குத் தெரியாதான்னு விட்டுட்டேன். பெத்தவ எனக்குத் தோணினத விட்டுட்டு ஒங்க பேச்ச நம்புனேனே!"

"என் தப்புதான் கோகிலா. மத்த புள்ளைங்க ஓடுறதப் பாத்து ஓடியிருக்கு. எனக்கு வெளங்கல."

"எங்க அருணப் பாருன்னீங்களே. ஒங்க அருணும் எம்புள்ளையும் ஒண்ணா?"

ஸ்ரீதரன்தான் சொன்னான்: "விடு கோகி. அவங்க வந்து சொல்லாட்டி நமக்கு இன்னும் தெரிஞ்சிருக்காது." கோகிலா திரும்பிச் சுவரைப் பார்த்து நின்றாள். "சரி. ஒண்ணு மட்டும் சொல்றேன். இனிமே எம்புள்ளகிட்ட எதப் பாத்தாலும் எங்கிட்ட சொல்லணும். நல்லதோ கெட்டதோ, பாத்தத பாத்தபடி. நீங்களா ஒண்ணும் முடிவு பண்ணக்கூடாது."

"சொல்றேன்" என்றாள் மெட்டில்டா.

திங்கட்கிழமை காலையில் அவள் செய்ததைத் தோட்டத்தில் கொஞ்சநாள் பேசிக்கொண்டார்கள். மடுவத்தை லயத்தில் ஒருத்தியிடம் விட்டுவிட்டு, மிட்வைஃப் மிஸ்ஸின் குவாட்டர்ஸ்வரை ஒன்றரை மைல் தனியாக நடந்து போய், வாசலில் நின்று, தான் சொன்னது பிழை என்று சிங்களத்தில் சொன்னாள். மிஸ் கோபப்படவில்லை. "நானும் பின்னாலருந்து கைதட்டிப் பாத்திருக்கணும்" என்று சொல்லிக்கொண்டே அங்கேயே கடிதம் எழுதிக் கொடுத்தாள்.

பலாங்கொடை ஆஸ்பத்திரி, பிறகு இரத்தினபுரிப் பெரியாஸ்பத்திரி, பிறகு கொழும்பு. பிள்ளைக்கு மருந்து கொடுத்துத் தூங்கவைத்துக் காதருகில் வயர் ஒட்டிப் பார்த்தார்கள். இரண்டு காதும் கேட்பது மிகவும் குறைவு, காது மிஷின் போட்டால் கேட்கும் என்றார்கள். ஸ்ரீதரன் அங்கிருந்த டொக்டரிடம் ஒரு கேள்வியை மட்டும் மடியில் கட்டிக்கொண்டு போனவன் போலக் கேட்டானாம்: நான் சிங்களம் பேசினதால இப்படி ஆச்சா? இரண்டு பாஷை கேட்டு எந்தப் பிள்ளையின் பேச்சும் கெடாது, இனிமேல் இரண்டிலும் நன்றாகப் பேசுங்கள் என்றாராம் டொக்டர். பேச்சு பிந்துகிற பிள்ளைகளில் நிறையப் பேர் பின்னால் தானாகவே பேசிவிடும், ஆனால் எது தானாகப் பேசும் எது பேசாது என்று வீட்டிலிருந்து கண்டுபிடிக்க முடியாது, அதனால் பிந்தினால் முதலில் காதைப் பார்க்கவேண்டும் என்றும் சொன்னாராம். இதையெல்லாம் கோகிலா வந்து மெட்டில்டாவிடம் சொல்லவில்லை. புஷ்பம் சொல்லித்தான் தெரியும். கோகிலா அந்த மாதங்களில் பிள்ளையை வாசலில் இறக்கிவிடுவாள், சாயந்திரம் தூக்கிக்கொண்டு போவாள். அக்கா என்ற சொல் அவள் வாயிலிருந்து வரவில்லை.

மிஷின் வந்த அன்று கோகிலா மடுவத்துக்குள் வந்து பாயில் உட்கார்ந்தாள். சின்னப் பெட்டியைத் திறந்தாள். "இங்க பாருங்க, இது வலது, இது இடது. இப்பிடி உள்ள வச்சி, காதுக்குப் பின்னால மாட்டணும். தூங்கும்போது கழட்டணும். தண்ணி படக்கூடாது. போட்டுக் காட்டுங்க" என்றாள். மெட்டில்டா முதலில் வலதை இடதில் வைத்தாள். மூன்றாவது தடவையில் சரியாக மாட்டினாள். தனுஜா கண்ணை அகல விரித்து, கூரைத் தகரத்தைப் பார்த்தது. வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. பிறகு வீறிட்டு அழுதது. கோகிலாவும் அழுதாள். "சரிக்கா, நான் மலைக்குப் போறேன்" என்று எழுந்தாள். அக்கா என்று சொன்னதை இருவருமே கவனிக்காதது போல இருந்துகொண்டார்கள்.

பேச்சு உடனே வரவில்லை. காது அப்போதுதான் பிறந்திருக்கிறது, கைக்குழந்தை எத்தனை மாதம் கேட்டுவிட்டுப் பேசுமோ அத்தனை மாதம் இதுவும் கேட்கவேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். மெட்டில்டா பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு பேசிக்கொண்டேயிருந்தாள். இது கரண்டி, இது பூனை, அந்தா கங்காணி பழனியாண்டி தாத்தா வாறாரு, அவர் தொப்பியப் பாரு. பிள்ளை முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கும். ஒரு மாதம், இரண்டு மாதம், ஐந்து மாதம். மெட்டில்டா யாரிடமும் வந்துரும் என்று சொல்வதை நிறுத்தியிருந்தாள். தனக்குள்ளும் சொல்லிக்கொள்ளவில்லை.

ஆறாவது மாதம் ஒரு வியாழக்கிழமை. மத்தியானத் தூக்கத்துக்காகப் பிள்ளையைப் படுக்கவைத்து, வழக்கம்போல மிஷினைக் கழற்றக் காதுக்குப் பின்னால் கையைக் கொண்டுபோனாள். தனுஜா இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டது.

"வேணா."

கொழகொழவென்று, மூக்கால் வந்த சொல். ஆனால் சொல்தான். மெட்டில்டா கையை எடுத்துவிட்டாள். அன்றைக்கு மிஷினோடுதான் தூங்கட்டும் என்று விட்டாள். தூங்குகிற பிள்ளையின் பக்கத்தில் நாலரை மணிவரை அவள் எழுந்திருக்கவேயில்லை.

மடுவத்தில் ஒரு வழக்கம் உண்டு. அவளுக்கு முந்தியிருந்த ஆயம்மா காலத்திலிருந்து வருவது. பிள்ளையின் முதல் சொல் மடுவத்தில் விழுந்தால் அதைத் தாயிடம் சொல்வதில்லை. தாய் மலையில் நிற்கும்போது பேச்சு வந்துவிட்டது என்றால் அவளுக்கு மனம் ஆறாது. வீட்டில் அவளே கேட்கட்டும், தனக்குத்தான் முதலில் சொன்னது என்று இருக்கட்டும் என்று விட்டுவிடுவார்கள். மறுநாள் தாய் வந்து சொல்லும்போது அப்படியா என்று வாயில் கைவைக்க வேண்டும். மெட்டில்டா எத்தனையோ தடவை வாயில் கைவைத்திருக்கிறாள். ஆனால் கோகிலாவிடம் சொல்லியிருந்தாளே, பார்த்ததைப் பார்த்தபடி சொல்வதாக.

நாலரைக்குக் கோகிலா வந்தாள். வானம் கறுத்துக் கிடந்தது. கொழுந்துக் கூடையை வாசலில் வைத்துவிட்டு, தலையில் போட்டிருந்த சாக்கை உதறினாள்.

"கோகிலா" என்றாள் மெட்டில்டா.

"என்னாக்கா? ஒரு மாதிரியா இருக்கீங்க. புள்ளைக்கி ஏதாச்சும்?"

"ஒண்ணு சொல்லணும். மழ வருது. மொதல்ல மிஷினக் கழட்டிப் பெட்டில வையி. அப்புறம் சொல்றேன்."

கோகிலா குனிந்து காதுக்குப் பின்னால் கைவைத்தாள்.

"வேணா."

கோகிலாவின் கை அந்தரத்தில் நின்றது. மெட்டில்டாவைப் பார்த்தாள், பிள்ளையைப் பார்த்தாள். மெதுவாக மறுபடி கையைக் கொண்டுபோனாள்.

"வேணா!"

"அக்கா..."

"அதத்தான் சொல்ல வந்தேன். மத்தியானம் ஒருக்கா சொல்லிச்சி. ஒருக்காதான். ஒனக்கு ரெண்டு தடவ சொல்லிருச்சி."

கோகிலா தரையில் மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம் அவளிடமிருந்து வந்தது. மூன்றாம் தடவையும் கையை நீட்டினாள். தனுஜா அந்தக் கையை ஓங்கி ஒரு அடி அடித்துவிட்டு இன்னும் பெரிதாகக் கத்தியது. வாசலில் பிள்ளை வாங்க நின்ற புஷ்பம், "அடி ஆத்தி, பேசுன மொத வார்த்தையே சண்டையா, அப்பிடியே ஆத்தாவ உரிச்சி வச்சிருக்கு" என்றாள். கோகிலா அதைக் காதில் வாங்கவில்லை. நாலாவது தடவையும் கையை நீட்டிக்கொண்டிருந்தாள்.

"போதும் புள்ள, விடு" என்றாள் மெட்டில்டா. "வேணாங்குதுல்ல."

அன்றைக்கு மிஷினைக் கழற்றவில்லை. சாக்கையும் ஒரு பொலித்தீன் பையையும் சேர்த்துப் பிள்ளையின் தலையை மூடி, இருவருமாக ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு மழைக்குள் லயத்துக்கு இறங்கினார்கள்.